பெர்மிட் ஒன்று, குத்தகை வேறொன்று

இன்றைய பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வண்டித் தொழில். சொந்தமாக ஒரு வேனோ சிறு பேருந்தோ வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளையும் ஊர் மக்களையும் ஏற்றி இறக்குகிறார்களே, அந்தத் தொழில். அதற்கு அரசாங்கத்திடம் என்ன குத்தகை உண்டு, அந்தக் குத்தகைக்கு மனுப் போட விரும்பும் சிறு முதலாளிக்கு என்ன உதவி உண்டு என்று பார்ப்போம்.

"வாத்தியாருக்கு வண்டித் தொழிலில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்கு வண்டி வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். வண்டி நின்றுபோனால் சில பிள்ளைகள் வாரக் கணக்கில் வருவதில்லை.

நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில் எழுப்பப்பட்டவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்தை ஒட்டிய வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள், பல பள்ளிகளும் அவர்கள் பின்னாலேயே இடம் மாறின. மாறியது நல்லதுதான், கட்டடம் புதிதாயிற்று. ஆனால் தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தூரமாகிவிட்டது. முன்பு தோட்ட லோரியோ டிராக்டரோ ஏற்றிக்கொண்டு போகும். இன்று மாதம் பிறந்தால் வேன் காசு என்று ஒரு செலவு, அரிசி பருப்புக்கு முன்னால் வந்து நிற்கிறது.

சரி, அந்த வேன் யாருடையது? ஓட்டுகிறவர் பெரும்பாலும் நம் பிள்ளைதான். சொந்தக்காரர் வேறு ஒருவர். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்திலும் அதே கதைதான். ஓட்டுபவருக்குச் சம்பளம், குத்தகை எடுத்தவருக்கு லாபம். வண்டி ஓட்டும் கையும் கண்ணும் நம்மிடம் இருக்கும்போது, வண்டியும் குத்தகையும் ஏன் நம்மிடம் இல்லை? இந்தக் கேள்விக்குப் பணமில்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது பாதிப் பதில். மீதிப் பாதியை இன்று பேசுவோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பெர்மிட் என்பது ஒன்று. குத்தகை என்பது வேறொன்று. "இந்தச் சாலையில் நீ ஆள் ஏற்றலாம்" என்று அரசாங்கம் கொடுக்கும் அனுமதி பெர்மிட். ஏற்றினால் காசு, ஏற்றாவிட்டால் பட்டினி. "நீ இந்தச் சாலையில் இத்தனை மணிக்கு ஓட்டு, ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடியதற்கு நாங்கள் பணம் கொடுக்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்திடுவது குத்தகை. நம்மவர்கள் நெடுங்காலம் பெர்மிட்டையே பெரிய சொத்தாக நினைத்துவிட்டார்கள்.

கோலாலம்பூரில் ஓடிய மினி பஸ்ஸைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975-ஆம் ஆண்டில் அது தொடங்கியது. பெரிய பேருந்து நிறுவனங்களால் சமாளிக்க முடியாத கூட்டத்தை ஏற்றிச் செல்லச் சிறு முதலாளிகளுக்குப் பெர்மிட் கொடுத்தார்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். சிறு மனிதனுக்குப் பொதுப் போக்குவரத்தில் ஓர் இடம் கொடுத்த திட்டம் அது. அதைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது பெர்மிட் மட்டுமே. வருமானம் முழுவதும் பயணி கொடுக்கும் சில்லறையிலிருந்து வர வேண்டும். அதனால்தான் முன்னால் போகும் வண்டியை முந்துவது, படிக்கட்டில் ஆள் தொங்கத் தொங்க ஏற்றுவது, கூட்டமில்லாத நேரத்தில் வண்டியை ஓரங்கட்டுவது எல்லாம் நடந்தன. ஓட்டுநரைத் திட்டினோமே தவிர, அவரை அப்படி ஓட வைத்த கணக்கை யாரும் பார்க்கவில்லை. 1998-இல் மினி பஸ்ஸின் காலம் முடிந்தது. பெரிய நிறுவனங்கள் அந்த வழிகளுக்கு வந்தன.

பட்டணத்திலேயே இந்த நிலை என்றால், தோட்டத்து முச்சந்திக்கு வரும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், நடுவில் காலி இருக்கை. மோட்டார் சைக்கிள் பெருகப் பெருக அந்தக் கூட்டமும் கரைந்தது. நாளுக்கு ஆறு தடவை வந்தது மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று, பிறகு நிறுத்தத்துக் கம்பம் மட்டும் நின்றது. எத்தனையோ தோட்டங்களின் அனுபவம் இதுதான்.

அரசாங்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2010-ஆம் ஆண்டில் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, ஸ்பாட் என்று நாம் அழைத்த ஆணையம் அமைக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், ஊர்களுக்கிடையே நின்று நின்று செல்லும் பேருந்துகளுக்காக 40 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. கட்டண வருமானத்துக்கும் ஓட்டும் செலவுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்ப அந்தப் பணம். அது இடைக்கால மருந்து. பிறகு 2015 முதல் மைபாஸ் என்ற பெயரில் வேறொரு முறை தொடங்கியது. கங்கார், சிரம்பான், ஈப்போ போன்ற ஊர்களில் அதைக் கண்டிருப்பீர்கள். இந்த முறையில் பேருந்து நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுக்கிறது. பயணி கொடுக்கும் கட்டணம் அரசாங்கக் கணக்குக்குப் போகிறது. ஆள் குறைவான நேரத்திலும் வண்டி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பணம் பிடிக்கப்படும். நாம் முன்னே சொன்ன குத்தகை என்பது இதுதான். 2019 ஜனவரியில் ஸ்பாட் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்பு போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்கும் அப்பாட் என்ற நிறுவனத்துக்குப் போயிற்று. கிலோமீட்டருக்குப் பணம் என்ற முறை மாறவில்லை.

இங்கே உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு நகரம் முழுவதற்கும் பேருந்து ஓட்டும் குத்தகைக்கு ஒற்றை வேன்காரர் போட்டியிட முடியாது. புதிய பேருந்துகள் வேண்டும், பணிமனை வேண்டும், வண்டி எங்கே போகிறது என்று காட்டும் கருவி வேண்டும், பல மாதச் செலவைத் தாங்கும் முதல் வேண்டும். ஈப்போவில் அந்தக் குத்தகையை எடுத்தது பேராக் ட்ரான்சிட் என்ற, பேருந்து நிலையமே கட்டி நடத்துகின்ற நிறுவனம். நமக்கு அது முதல் படியல்ல.

அப்படியானால் நமக்குரிய படி எது? சிறு வண்டிக்கு ஏற்ற அரசாங்க வேலைகள் பல உண்டு. பள்ளிப் பிள்ளைகளையும் விடுதி மாணவர்களையும் போட்டிகளுக்கும் முகாம்களுக்கும் ஏற்றிச் செல்ல வண்டி அமர்த்துகிறார்கள். ஒராங் அஸ்லி பிள்ளைகளை உட்கிராமத்திலிருந்து பள்ளிக்குக் கொண்டு சேர்க்க அரசாங்கமே பணம் கொடுத்து வண்டிகளையும், ஆற்றோரங்களில் படகுகளையும் அமர்த்துகிறது. அரசாங்க இலாகாக்கள் தங்கள் நிகழ்ச்சிகளுக்கு வாடகைப் பேருந்து கேட்கின்றன. இவை நாளிதழின் முதல் பக்கத்தில் வருவதில்லை. செபுட் ஹர்கா என்று சொல்லப்படும் விலை கேட்பு அறிக்கையாக, அந்தந்த அலுவலகப் பலகையிலும் இ-பெரோலேஹான் என்னும் அரசாங்கக் கொள்முதல் கணினித் தளத்திலும் வருகின்றன. பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டுமே படுகின்றன.

இதற்கெல்லாம் வாசற்படி காகிதம். காகிதம் என்றதும் நம்மில் பலருக்கு ஓர் அலுப்பு வருகிறது, "ஓட்டத் தெரிந்தால் போதாதா?" என்கிறார்கள். போதாது. எப்படிப் போதாது என்பதற்கு டீசல் கணக்கு ஒன்றே சான்று.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்தது. எல்லாருக்கும் கொடுத்து வந்த உதவித்தொகையை அரசாங்கம் நிறுத்திக்கொண்டது. ஆனால் முறையான பெர்மிட் உள்ள பள்ளிப் பேருந்து, பொதுப் பேருந்து முதலியவற்றுக்குத் தனி அட்டை கொடுத்து, 1 ரிங்கிட் 88 காசுக்கே டீசல் போட்டுக்கொள்ள வழி செய்தது. வித்தியாசம் லிட்டருக்கு 1 ரிங்கிட் 47 காசு. நாளுக்கு 10 லிட்டர், மாதத்தில் 20 பள்ளி நாட்கள் என்றால் 200 லிட்டர். மாதம் 294 ரிங்கிட். அந்த மாதம் பெர்மிட் வைத்திருந்தவருக்கு அந்தக் காசு கையில் நின்றது. பெர்மிட் இல்லாமல் "சாப்பு" ஓட்டியவர் அதே சாலையில், அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, 294 ரிங்கிட்டைக் கூடுதலாகக் கொட்டினார். கோவிட் காலத்திலும் இப்படித்தான். 2021 ஜனவரியில் அறிவித்த பெர்மாய் உதவித் திட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் ஒருமுறை 500 ரிங்கிட் உண்டு என்றார்கள். பதிவில் பெயர் இருந்தால்தானே அந்தப் பணம் தேடி வரும்?

ஆகவே காகிதத்தை ஒவ்வொன்றாகச் செய்துகொள்ள வேண்டும். ஓட்டுபவருக்குப் பி.எஸ்.வி. லைசென்ஸ். வண்டிக்கு ஆள் ஏற்றும் பெர்மிட், அதற்குரிய காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. தொழிலுக்கு மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு. சொந்தப் பெயரில் தனியாள் தொழிலாகப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்துப் பதிய 60 ரிங்கிட். தீபாவளிக்கு வாங்கும் மத்தாப்புச் செலவுகூட இல்லை இது. தொழிலின் பெயரில் தனி வங்கிக் கணக்கு. ஆள் வைத்து ஓட்டினால் அவருக்கு இ.பி.எப்., சொக்சோ. தாமே ஓட்டினாலும் சொக்சோ உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது, அதில் முதலில் சேர்க்கப்பட்டவர்களே டாக்சிக்காரர்களைப் போல ஆள் ஏற்றும் ஓட்டுநர்கள்தாம். பிறகு, அரசாங்கக் குத்தகை கேட்க வேண்டுமானால் நிதியமைச்சில் பதிவு. அதில் ஆள் ஏற்றும் போக்குவரத்துக்குரிய துறைக் குறியீட்டைக் கேட்டுப் பதிய வேண்டும். குறியீடு தவறினால், உங்கள் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உறையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பதிவுகளைச் செய்து கொடுக்கிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகர்கள் தோட்டத்துக்கே வருகிறார்கள். "உள்ளே ஆள் இருக்கிறது" என்பார்கள். அவர்களிடம் அடையாள அட்டை நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். படிவம் மலாயில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். இடைநிலைப்பள்ளி முடித்த உங்கள் மகளே அதை நிரப்பிவிடுவாள். அவளுக்கும் சந்தேகம் வந்தால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வாருங்கள்.

அடுத்தது முதல். வண்டி வாங்க வேண்டுமே? இந்திய வணிகர்களுக்கென்று தெக்குன் நேஷனல் வழியாக நடப்பது ஸ்பூமி கடனுதவி. சிறு தொகையில் தொடங்கி 50,000 ரிங்கிட் வரை அதில் கொடுத்தார்கள். 2024-இல் அதைப் பெரிதாக்கி 1 லட்சம் ரிங்கிட் வரை கொடுக்கும் திட்டமும் வந்தது. அதே ஆண்டில் பேங்க் ராக்யாட் இந்திய வணிகர்களுக்காக பிரீப்-ஐ என்ற கடன் திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்கென்று அமானா இக்தியார் பெண் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சொத்தோ நிலமோ ஈடு வைக்க இல்லாதவருக்கு, கடன் உத்தரவாதக் கழகம் என்று ஒன்று 1972 முதலே இருக்கிறது. அதன் முக்கிய வேலை கடன் கொடுப்பதல்ல. கடன் கொடுக்கும் வங்கிக்கு நம் சார்பில் பொறுப்பு நிற்கிறது.

இவை எல்லாம் கடன், தானம் அல்ல. அரசாங்கப் பணம்தானே என்று தவணையை விட்டுவிட்டால், உங்கள் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறுவதோடு நிற்காது. பின்னால் வரும் நம் பிள்ளைகளின் மனுவையும் அதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பார். வண்டி வாங்கக் கடன் எடுத்து மகள் திருமணத்தை முடித்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். திருமணம் சிறப்பாகத்தான் நடந்தது.

இப்போது விலை எழுதும் கணக்குக்கு வருவோம். குத்தகை கேட்பவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிலேட்டோ தாளோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் வகுப்பில் சொல்வது போலவே மெதுவாகச் சொல்கிறோம்.

ஒரு வேன் காலையும் மாலையுமாக நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 20 பள்ளி நாட்கள். மொத்தம் 1,600 கிலோமீட்டர். வண்டிக் கடன் தவணை 1,100 ரிங்கிட். ஓட்டுநர் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் அது, ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவருக்கும் பொருந்தும். டீசல், சலுகை விலையில் 376 ரிங்கிட். இந்த மூன்றையும் கூட்டினால் 3,176 ரிங்கிட். 1,600 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ரிங்கிட் 99 காசு வருகிறது. "2 ரிங்கிட் 20 காசு எழுதினால் 21 காசு லாபம்" என்று மகிழ்ந்து எழுதிவிடுகிறார் ஒருவர். விலை குறைவு, குத்தகையும் கிடைத்துவிடுகிறது.

அவர் விட்டது என்ன? டயர், எண்ணெய், பிரேக், பழுது, இவற்றுக்கு மாதம் 400 ரிங்கிட் ஒதுக்க வேண்டும். காப்புறுதி, சாலை வரி, பரிசோதனைக்கு 350 ரிங்கிட். ஓட்டுநருக்கு முதலாளி கட்டும் இ.பி.எப்., சொக்சோ 260 ரிங்கிட். இவற்றையும் சேர்த்தால் மாதச் செலவு 4,186 ரிங்கிட். கிலோமீட்டருக்கு 2 ரிங்கிட் 62 காசு. அவர் எழுதிய விலைக்கு மாதம் வருவது 3,520 ரிங்கிட். மாதந்தோறும் 666 ரிங்கிட் கைநட்டம்! முதல் ஆறு மாதம் இது தெரியாது, ஏனென்றால் டயர் புதிது. டயர் தேயும்போதுதான் தெரியும். அப்போது என்ன செய்வார்? தேய்ந்த டயரிலேயே ஓட்டுவார். பிரேக்கைத் தள்ளிப்போடுவார். அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள். ஆகவே இந்தக் கணக்கு முதலாளியின் பைக்கு மட்டும் உரியதல்ல, தாய்மார்களே. "ரொம்ப மலிவாக ஏற்றுகிறார்" என்று ஒரு வேன்காரரைப் புகழ்வதற்கு முன்னால் அவர் வண்டியின் டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள்.

மேலே சொன்ன தொகைகள் கணக்கு காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டி, உங்கள் சாலை, அன்றைய டீசல் விலை, இவற்றை வைத்து நீங்களே போட வேண்டும். செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்குப் பழுதுச் செலவு இரட்டிப்பாகலாம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பள்ளி விடுமுறையில் வண்டி ஓடாது, ஓடாத நாளுக்குக் குத்தகைப் பணமும் பெரும்பாலும் கிடையாது. வங்கித் தவணைக்கு மட்டும் விடுமுறையே இல்லை.

பணம் வரும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்கப் பணம் வரும். ஆனால் முதல் மாதம் ஓடியதற்குப் பணம் மூன்றாம் மாதத்தில் வந்தாலும் வரும். ஓடிய நாள், கிலோமீட்டர், ஏறிய பிள்ளைகள், தலைமையாசிரியரின் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் பில் நகரும். ஒரு கையெழுத்து விடுபட்டால் திரும்பி வரும். ஆகையால் இரண்டு மூன்று மாதம் டீசலும் சம்பளமும் கொடுக்கக் கையிருப்பு இல்லாமல் குத்தகையில் இறங்கக் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 12,500 ரிங்கிட். கடன் கேட்கும்போதே, வண்டி விலையோடு இந்த நடைமுதலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதிகாரி இதைக் குற்றமாக நினைக்க மாட்டார். தொழில் தெரிந்த ஆள் என்றே நினைப்பார்.

எங்களிடம் படித்த இளைஞர் ஒருவர் சொந்த வேன் வைத்திருக்கிறார். நேரடிக் குத்தகைக்குக் காகிதம் போதவில்லை என்று, பெரிய குத்தகைக்காரர் ஒருவரிடம் துணைக்குத்தகையாக வேலை எடுத்தார். வாய்ப் பேச்சுதான், எழுத்தில் ஒன்றுமில்லை. நான்கு மாதம் ஓட்டினார். "மேலிடத்திலிருந்து எனக்கே வரவில்லை" என்று நான்கு மாதமும் பதில் வந்தது. மேலிடத்திலிருந்து வந்துவிட்டது என்பது பிறகு அலுவலகத்தில் விசாரித்தபோது தெரிந்தது. பாதிப் பணத்தோடு அவர் வெளியே வந்தார். அந்த வாரம் எங்கள் பள்ளியில் 11 பிள்ளைகள் வரவில்லை. இன்று அவர் நிதியமைச்சில் தம் பெயரிலேயே பதிந்து, சிறு சிறு விலை கேட்புகளில் கலந்துகொள்கிறார். பத்துப் போட்டால் இரண்டு கிடைக்கிறது என்கிறார். துணைக்குத்தகை எடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொழிலில் நுழைய அது ஒரு வாசல். ஆனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பணம், டீசல் விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

விலை கேட்பு அறிக்கையைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தகுதி என்ற பகுதி. சில அழைப்புகள் பூமிபுத்ரா நிறுவனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அது அங்கேயே எழுதப்பட்டிருக்கும். மனம் சோர வேண்டாம், கோபத்தில் அறிக்கையைக் கிழித்துப் போடவும் வேண்டாம். அடுத்த அறிக்கையை எடுங்கள். எல்லாருக்கும் திறந்திருக்கும் அழைப்புகளிலும்கூட நம் மனுக்கள் குறைவாகவே போகின்றன என்பதுதான் நமக்கு வருத்தம். தகுதிக்குப் பிறகு வண்டியின் வயது, இருக்கை எண்ணிக்கை, விளக்கக் கூட்டத்துக்குப் போவது கட்டாயமா, கடைசித் தேதி எத்தனை மணி, இவற்றைப் பார்க்க வேண்டும். மதியம் 12 மணி என்றால் 12 மணிதான். பெட்டியை மூடிவிடுவார்கள்.

தனியாள் தாங்க முடியாத குத்தகையை நாலு பேர் சேர்ந்து தாங்கலாம். 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டத்தையே வாங்க முடியும் என்று யார் நம்பினார்கள்? தோட்டங்கள் வாங்கப்பட்டன. வேன் அதைவிடப் பெரிதா? ஒரு வட்டாரத்தில் ஆறு வேன்காரர்கள் ஆறு திசையில் ஒருவர் விலையை ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பதைவிட, ஒரு நிறுவனமாகவோ கூட்டுறவாகவோ பதிந்துகொண்டால், ஒரு வண்டி பழுதானாலும் இன்னொரு வண்டி போகும். குத்தகை கொடுக்கும் அலுவலகம் முதலில் கேட்பதும் அதைத்தான்: "உன் வண்டி கெட்டுவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" ஒற்றை வண்டிக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால் இப்படிச் சேர்வதில் பணத்தைவிட மனம்தான் பெரிய தடை. யார் தலைவர், யார் பொருளாளர் என்ற சண்டையிலேயே நம் சங்கங்கள் பல உடைந்திருக்கின்றன. கணக்கை மாதந்தோறும் கோயில் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அதில் அடங்கும்.

பெண்களும் இதில் வரலாம். பள்ளி வேன் ஓட்டும் தாய்மார்களை இப்போது அங்கங்கே பார்க்கிறோம். பிள்ளை இறங்கி வாசலுக்குள் போகும் வரை வண்டியை நகர்த்தாத கவனம் அவர்களிடம் இருக்கிறது. ஓட்டாவிட்டாலும், பதிவேடும் பில்லும் எழுதும் பொறுப்பை மனைவியோ மகளோ ஏற்றுக்கொண்ட வேன்களில்தான் கணக்கு நேராக இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

புதிய பள்ளியாண்டு தொடங்கும்போதுதான் பல வேன்காரர்களுக்கு நினைவு வருகிறது. அப்போது வரிசை நீளம், பரிசோதனைக்கு நாள் கிடைக்காது, பெர்மிட்டும் தாமதமாகும். பள்ளி திறக்க மூன்று மாதம் இருக்கும்போதே, பி.எஸ்.வி. லைசென்ஸ், பெர்மிட், காப்புறுதி, பரிசோதனை, தொழில் பதிவு ஆகிய ஐந்தும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதிவையுங்கள். நிதியமைச்சுப் பதிவின் தேதியை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்குத் தாளையும் ஓட்டப் பதிவேட்டையும் ஒரே கோப்பில் போட்டு, கடன் அலுவலகத்துக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.